ஆர்மோனியத் தடையும் ஐரோப்பாவின் சுருதிச் சண்டையும்: தில்லி வானொலி, 1936–1940

தில்லி வானொலியில் ஐரோப்பிய இசைப் பிரிவை நடத்திவந்த ஜான் ஃபோல்ட்ஸ், 1938இல் 'தி இந்தியன் லிஸனர்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். தலைப்பு 'ஹார்ம்-ஆம்னியம்'. ஆர்மோனியம் என்ற பெயருக்குள் ஒரு 'ம்' ஒலியைக் கூடுதலாகச் செருகி, நடுவில் ஒரு கோடு போட்டார். அவ்வளவுதான், பெயரே குற்றப்பத்திரிகை ஆகிவிட்டது. 'ஹார்ம்' என்றால் ஆங்கிலத்தில் தீங்கு. 'ஆம்னியம்' என்றால் லத்தீனில் எல்லாருக்கும் உரியது. எல்லாருக்குமான தீங்கு, பொதுத் தீங்கு என்று கொள்ளலாம்.

1940 மார்ச் மாதம் அகில இந்திய வானொலி தன் இசை நிகழ்ச்சிகளிலிருந்து ஆர்மோனியத்தை விலக்கியது. விலக்கு 1971 வரை நீடித்தது. அதன்பின்னும் நிபந்தனைகளோடுதான் பெட்டி உள்ளே வந்தது.

இந்த முப்பத்தோரு ஆண்டு விலக்கைப் பற்றி இன்று எழுதும் எவரும் மேட் ரஹைமின் ஆய்வைத் தாண்டிப் போக முடியாது. 2011இல் 'ஜர்னல் ஆஃப் ஏஷியன் ஸ்டடீஸ்' இதழில் வந்த அந்தக் கட்டுரை, அதுவரை வெறும் ரசனைச் சண்டையாகப் பேசப்பட்டதை அரசியல் வரலாற்றுக்குள் கொண்டுவந்தது. அவர் வாதத்தைச் சுருக்கினால் இப்படி வரும்: ஆர்மோனியத்தைக் கண்டித்தவர்கள் பாடகர்களோ வாத்தியக்காரர்களோ இல்லை. அறிஞர்கள், இசையமைப்பாளர்கள், அதிகாரிகள். அவர்களில் ஆங்கிலேயரும் உண்டு, இந்தியரும் உண்டு. இந்திய இசைக்கும் நவீன மேற்குக்கும் இடையே ஒலியளவில் ஒரு வேறுபாடு இருப்பதாக அவர்கள் வகுத்துக்கொண்டார்கள். ஆர்மோனியத்தின் ஒலியை விரட்டுவது, மேற்கிலிருந்து வேறுபட்ட ஒரு தேசிய ஒலியை வரையறுக்கும் முயற்சியின் பகுதி.

இந்த வாசிப்பின் முன்பாதியோடு இக்கட்டுரைக்கு மறுப்பில்லை. தமிழ்நாட்டு அனுபவமே அதற்குச் சாட்சி. சங்கரதாஸ் சுவாமிகள் மரபில் வந்த நாடக மேடைகளில் ஆர்மோனியக்காரர் வெறும் பக்கவாத்தியக்காரர் இல்லை. பின்பாட்டும் பாடுவார், மேடையில் நிற்பவரின் சுருதியையும் காப்பாற்றுவார். எஸ்.ஜி. கிட்டப்பாவின் உச்சக் குரலுக்கு அண்ணன் காசி ஐயரின் ஆர்மோனியம் துணைநின்றது. சென்னை வானொலி நிலையம் எழும்பூரில் தொடங்கப்பட்டது 1938 ஜூன் 16 அன்று. ஃபோல்ட்ஸ் தில்லியில் பெட்டியைக் கண்டித்து எழுதிய அதே ஆண்டு. இந்த ஆர்மோனியக்காரர்களின் காதில் என்ன விழுந்தது என்று கேட்டுவிட்டு யாரும் முடிவெடுக்கவில்லை.

மறுப்பு பின்பாதியில்தான். ரஹைமின் வாதத்தில் 'நவீன மேற்கு' ஒற்றைக் கட்டியாக நிற்கிறது. ஒருபுறம் இந்தியா, மறுபுறம் மேற்கு, நடுவில் ஆர்மோனியம். ஆனால் 1938இன் மேற்கு அப்படி ஒற்றையாக இல்லை. ஃபோல்ட்ஸ் கண்டித்த மேற்கு பத்தொன்பதாம் நூற்றாண்டினுடையது. அவர் எந்த மேற்கிலிருந்து பேசினாரோ, அது அந்த நூற்றாண்டோடு ஏற்கெனவே சண்டைக்குப் போயிருந்தது. தில்லியில் எழுதப்பட்ட குற்றப்பத்திரிகையின் முக்கால் பங்கு வாசகங்கள் ஐரோப்பிய இசையின் உள்வழக்கிலிருந்து எடுக்கப்பட்டவை என்பதே இங்கு வைக்கப்படும் வாதம்.

பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்பதிலிருந்து தொடங்கலாம். ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்காக வெட்டுவது ஐரோப்பாவின் ஆதிப் பழக்கம் என்று நம்மில் பலர் எண்ணுகிறார்கள். அது தவறு. பாக் 1722இல் தொகுத்த 'நன்கு சுருதி சேர்த்த விசைப்பலகை' கூடச் சமவெட்டுச் சுருதிக்காக எழுதப்பட்டது என்று இன்றைய ஆய்வாளர் பலர் ஏற்பதில்லை. ஒவ்வொரு சுருதிநிலைக்கும் சற்றே வேறு சாயல் தரும் அமைப்புகள் அக்காலத்தில் பல இருந்தன. இங்கிலாந்தில் பிராட்வுட் பியானோக் கம்பெனி தன் சுருதி சேர்ப்பவர்களைச் சமவெட்டுக்கு மாற்றியது 1846இல்தான். பாரிஸில் அலெக்சாந்தர் டெபேன் 'ஆர்மோனியம்' என்ற பெயரில் உரிமம் வாங்கியது 1842இல். ஆக, சமவெட்டு ஐரோப்பாவின் வீடுகளில் நிலைபெற்றதும் ஆர்மோனியம் பிறந்ததும் ஏறக்குறைய ஒரே காலத்தில். ஆர்மோனியம் இந்தியாவுக்குக் கொண்டுவந்த 'மேற்கத்திய சுருதி'க்கு அப்போது மேற்கிலேயே வயது அதிகமில்லை.

அந்தச் சுருதியை முதலில் கூண்டில் ஏற்றியவரும் ஐரோப்பியர்தான். ஹெர்மான் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1863இல் வெளியிட்ட ஒலியுணர்வு நூலில், சமவெட்டுச் சுருதியின் கரடுமுரடை விளக்க அவர் கையில் எடுத்த கருவியே ஆர்மோனியம். பியானோவின் ஒலி தட்டியவுடன் தேயத் தொடங்கும். பிழை காதில் பதிவதற்குள் ஒலி போய்விடும். ஆர்மோனியத்தின் நாக்குத் தகட்டின் ஒலி காற்று உள்ளவரை நிற்கும். இயற்கையான அந்தர காந்தாரம் சட்ஜத்துக்கு 5:4 என்ற விகிதத்தில் நிற்பது. ஸ்தாயியை 1200 சென்ட்டாகப் பிரித்தால் அதன் இடம் ஏறத்தாழ 386. சமவெட்டுப் பெட்டியிலோ அது 400. அரைச்சுரத்தில் ஏழில் ஒரு பங்கு அளவுக்கு ஏற்றம். பெட்டியின் நடுப் பகுதியில் சட்ஜத்தையும் காந்தாரத்தையும் சேர்த்து அழுத்திப் பிடித்தால், நொடிக்குப் பத்துத் தடவை அளவில் ஒலி துடிக்கும். தம்புராவை மீட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சட்ஜத் தந்தியிலிருந்து தானாக எழும் சுயம்பு காந்தாரம் ஓரிடத்தில் நிற்க, பக்கத்தில் பெட்டியின் காந்தாரம் வேறோரிடத்தில் பிடிவாதமாக நிற்கும். இந்த உரசல் கற்பனையும் இல்லை, தேசிய உணர்ச்சி பெற்ற பிள்ளையும் இல்லை. கேட்கிற காதுக்குக் கேட்கும்.

ஹெல்ம்ஹோல்ட்ஸ் அதோடு நிற்கவில்லை. பியானோவோடு சேர்ந்து பாடிப் பழகுவதால் பாடகர்களின் சுரத்தூய்மை கெடுகிறது என்று வருந்தினார். ஸ்டுட்கார்ட்டின் ஷீட்மாயர் நிறுவனத்திடம் இரண்டு விசைப்பலகைகளும் ஸ்தாயிக்கு 24 சுரங்களும் கொண்ட தனி ஆர்மோனியம் ஒன்றைச் செய்துகொண்டார். அவர் நூலை 1875இல் ஆங்கிலத்தில் தந்தவர் அலெக்சாண்டர் எல்லிஸ். மேலே கையாண்ட சென்ட் அளவும் எல்லிஸ் தந்ததுதான். பாசன்கெட் என்ற ஆங்கிலேயர் ஸ்தாயியை 53 பங்காக்கிய ஆர்மோனியம் ஒன்றை 1870களில் கட்டினார். 'பெட்டி குரலைக் கெடுக்கும்' என்று நம் ஊர்ப் பாட்டு வாத்தியார்கள் சொன்னதாக நாம் அறிந்த வாசகம், ஹைடல்பர்க்கில் ஒரு உடலியல் பேராசிரியரின் மேசையில் முன்பே எழுதப்பட்டிருந்தது. அவரைப் படித்துத்தான் நம்மவர் சொன்னார்கள் என்பது இதன் பொருள் இல்லை. அவர்களுக்குச் சொந்தக் காது இருந்தது. ஆனால் 1914இல் ஃபாக்ஸ் ஸ்ட்ராங்வேஸ் 'இந்துஸ்தானத்தின் இசை' என்ற நூலில் ஆர்மோனியத்தைக் கண்டித்தபோதும், 1938இல் ஃபோல்ட்ஸ் கண்டித்தபோதும், ஆங்கிலத்தில் அந்தக் குற்றச்சாட்டு தயாராகக் கிடந்தது.

தஞ்சாவூரிலும் இந்தச் சண்டைக்கு ஒரு கிளை உண்டு. ஆபிரகாம் பண்டிதர் 1917இல் வெளியிட்ட 'கருணாமிர்த சாகரம்' 22 சுருதிக் கணக்கை மறுத்து, ஸ்தாயியை 24 சம பங்காகக் கொண்டது. 1916ஆம் ஆண்டு பரோடா மாநாட்டிலேயே அவர் இதற்காக வாதாடினார். ஹெல்ம்ஹோல்ட்ஸின் பெட்டியிலும் 24, பண்டிதரின் கணக்கிலும் 24. எண் ஒன்றாக இருப்பதைக் கண்டு ஏமாறக் கூடாது. ஹெல்ம்ஹோல்ட்ஸ் சமவெட்டிலிருந்து தப்பிக்க 24 வைத்தார். பண்டிதர் சமவெட்டையே இன்னும் நுணுக்கமாக்கினார். பண்டிதரின் கணக்குக்கு நெருங்கிய உறவு பிராகில்தான் இருந்தது. அங்கே அலோய்ஸ் ஹாபா 1924 முதல் இசைக் கல்லூரியில் காற்சுர (அரைச்சுரத்தில் பாதி) வகுப்பு நடத்தினார், காற்சுரப் பியானோ செய்யவைத்தார். இந்திய மரபின் பெயரால் ஒரு தமிழர் வந்து நின்ற இடத்துக்கு, ஐரோப்பிய நவீனத்தின் பெயரால் ஒரு செக் இசையமைப்பாளரும் வந்து நின்றார். 'இந்தியா எதிர் மேற்கு' என்ற கோட்டை இந்த இருவருக்கும் நடுவே எப்படி இழுப்பது?

ஃபோல்ட்ஸ் எந்தப் பக்கத்து மேற்கைச் சேர்ந்தவர் என்பதில் ஐயமில்லை. 1880இல் மான்செஸ்டரில் பிறந்தவர், ஹாலே இசைக்குழுவில் செல்லோ வாசித்தவர். மக்கள் அவரை 'கெல்டிக் லமென்ட்' போன்ற எளிய மெட்டுகளுக்காக அறிந்திருந்தார்கள். முதல் உலகப் போரில் மாண்டவர்களுக்காக அவர் எழுதிய 'உலக ரெக்வியம்' 1923 முதல் 1926 வரை ஆண்டுதோறும் போர்நிறுத்த நாள் இரவில் லண்டனில் ஒலித்தது. இவற்றின் அடியில் வேறொரு ஃபோல்ட்ஸ் இருந்தார். 1898லேயே ஒரு நால்வர் இசையில் காற்சுரத்தை முயன்றதாகச் சொல்லிக்கொண்டவர் அவர். அவருடைய செல்லோ சொனாட்டாவிலும் காற்சுரம் உண்டு. அது 1905இல் எழுதப்பட்டு 1927இல் திருத்தத்தோடு வெளிவந்தது. ஆகவே 1905 என்ற ஆண்டை வைத்து 'ஐரோப்பாவில் முதல்வர்' என்று பட்டம் கட்டுவதில் நிதானம் வேண்டும். 1920களின் கடைசியில் எழுதிய 'டைனமிக் டிரிப்டிக்' என்ற பியானோ கான்செர்ட்டோவின் முதல் பகுதி ஏழு சுரங்களை விட்டு இம்மியும் விலகாது. இரண்டாம் பகுதியில் தந்தி வாத்தியங்கள் காற்சுரங்களில் வழுக்கிச் செல்லும்.

அந்த ஏழு சுரக் கட்டுப்பாடு எங்கிருந்து வந்தது என்பது தமிழ் வாசகருக்குச் சுவையான சேதி. ஃபோல்ட்ஸின் துணைவி மாட் மெக்கார்த்தி அயர்லாந்தில் பிறந்த வயலின் மேதை. அவர் 1907இல் அன்னி பெசன்ட்டோடு இந்தியா வந்து, தென்னிந்திய இசையைக் கற்று, லண்டன் திரும்பி நுண்சுரங்களைத் தானே பாடிக்காட்டி விரிவுரை செய்தார். அவர் வழியாக வேங்கடமகியின் 72 மேளகர்த்தா ஃபோல்ட்ஸின் மேசைக்குப் போயிற்று. 1920களில் அவர் பியானோவுக்கு எழுதிய 'எஸ்ஸேஸ் இன் த மோட்ஸ்' அந்த அட்டவணையிலிருந்து பிறந்தது. 1934இல் வந்த 'மியூசிக் டுடே' என்ற நூலில் 'மோட்' எனும் சுரமுறைகளுக்காகவும் காற்சுரங்களுக்காகவும் வாதாடினார். இவையெல்லாம் அவர் 1935இல் இந்தியாவுக்குக் கப்பலேறுமுன் நடந்தவை. பழைய ஐரோப்பிய மேஜர்-மைனர் அமைப்பு தீர்ந்துபோயிற்று என்ற முடிவோடுதான் அவர் வந்தார். அந்த அமைப்பின் மலிவான, தூக்கிச் செல்லத்தக்க பதிப்பு தில்லியில் ஒவ்வொரு பாடகரின் பக்கத்திலும் உட்கார்ந்திருந்ததைக் கண்டார். ஐரோப்பாவில் தான் விட்டுவந்ததே இங்கு வந்து வரவேற்றது. அவரது கோபத்தின் சூட்டை இப்படித்தான் விளக்க முடியும். இந்தியாவுக்கென்று ஒரு தேசிய ஒலியை வரையறுக்கும் ஆசை மட்டும் அவ்வளவு சூட்டைத் தராது.

இங்கே வாதத்துக்கு எதிரான சான்று ஒன்றையும் மறைக்காமல் வைக்க வேண்டும். மேளகர்த்தாக்களிலிருந்து அவர் எழுதிய அந்த இசை பியானோவுக்கு எழுதப்பட்டது. பியானோ சமவெட்டுக் கருவி. மேளத்தைப் பியானோவில் வாசிக்கலாம் என்றால் ஆர்மோனியத்தில் வாசிப்பது மட்டும் எப்படிக் குற்றமாகும்? ரஹைமின் பக்கம் நிற்பவர்கள் இதைச் சரியாகவே கேட்பார்கள். தேயும் ஒலிக்கும் நிற்கும் ஒலிக்கும் உள்ள வேறுபாடு ஒரு பதில், ஆனால் பாதிப் பதில்தான். மேளத்தை அவர் ஒரு சுரவரிசையாக, கட்டுமானப் பொருளாகப் பார்த்தார். கமகம் சுமந்த ராகமாகப் பார்க்கவில்லை. தன் இசைக்கு வரிசை போதும், இந்தியப் பாடகருக்கு ராகம் வேண்டும் என்ற இரட்டை அளவுகோல் அவரிடம் இருந்தது. அந்த இரட்டைத்தனத்தில் ரஹைம் சொல்லும் 'வகுக்கப்பட்ட வேறுபாடு' எட்டிப்பார்க்கத்தான் செய்கிறது.

தில்லிக்கு வருவோம். இந்திய ஒலிபரப்புக்குத் தலைமையேற்க லயனல் ஃபீல்டன் பிபிசியிலிருந்து 1935 ஆகஸ்டு கடைசியில் வந்து சேர்ந்தார். 1936 ஜனவரி 1 அன்று அலிப்பூர் சாலை 18ஆம் எண் பங்களாவிலிருந்து தில்லி நிலையம் ஒலிபரப்பத் தொடங்கியது. அவ்வாண்டு ஜூன் 8 முதல் அமைப்பின் பெயர் அகில இந்திய வானொலி. ஃபோல்ட்ஸ் 1937இல் சேர்ந்தார். 'ஆர்ஃபியஸ் அப்ராட்' என்ற பேச்சு வரிசையை நடத்தினார். இந்திய வாத்தியக்காரர்களைக் குறியீட்டைப் பார்த்துச் சேர்ந்து வாசிக்கப் பழக்கி, இந்தோ-ஐரோப்பிய இசைக்குழு என்ற ஒன்றை அமைத்தார். பம்பாயில் அதே வேலையில் வால்டர் காஃப்மன் இருந்தார். பிராகில் படித்த யூத அகதி. வானொலியின் காலை அடையாள மெட்டு காஃப்மனுடையது என்பது பரவலான கருத்து. ஃபோல்ட்ஸின் பெயரைச் சொல்பவர்களும் உண்டு. காஃப்மன் பக்கமே கனம் அதிகம் என்றாலும் அந்த வழக்கை இங்கே தீர்க்க முடியாது. இந்த இருவரும் பேரரசின் சார்பில் பழைய ஐரோப்பாவை ஒலிபரப்ப வந்து உட்கார்ந்த அதிகாரிகள் இல்லை. ஒருவர் அந்த ஐரோப்பாவின் சுருதியோடு மோதியவர், மற்றவரை அந்த ஐரோப்பா துரத்தியது.

காலவரிசை இக்கட்டுரைக்கு முழுத் துணை செய்யவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஃபோல்ட்ஸ் கல்கத்தா நிலையத்துக்கு மாற்றப்பட்ட சில நாள்களிலேயே காலராவுக்கு இரையானார்; 1939 ஏப்ரல் 25. தடை வந்தது பத்து மாதம் கழித்து. இடையில் 1940 ஜனவரியில் தாகூர் கல்கத்தா நிலையத்துக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. தன் பாட்டுகளுக்கு ஆர்மோனியம் வேண்டாம் என்பது தாகூரின் பழைய நிலைப்பாடு. சாந்திநிகேதனில் அதை முன்பே ஒதுக்கியிருந்தார். தடையின் உடனடிக் காரணத்தைத் தேடினால் தாகூரின் கடிதமே ஃபோல்ட்ஸின் கட்டுரையைவிட அருகில் நிற்கிறது. கலை அறிஞர் ஆனந்த குமாரசாமி ஆர்மோனியத்தின் மீது வைத்த கண்டனம் இரண்டுக்கும் வெகுகாலம் மூத்தது. 'தடைக்குக் காரணம் ஃபோல்ட்ஸ்' என்று எளிதாகச் சொல்லிவிடுபவர்கள் இறந்துபோன ஒருவரைக் கொண்டு உத்தரவில் கையெழுத்துப் போடவைக்கிறார்கள்.

அப்படியானால் மிஞ்சுவது என்ன? சொற்கள். கமகம் வளையாது என்பது நம்மவர் எப்போதும் அறிந்த குறை. அதற்கு ஐரோப்பா தேவையில்லை. ஆனால் 'சுருதி பொய்' என்ற குற்றச்சாட்டு, அதிர்வெண் கணக்கோடும் இயற்கை விகிதம் என்ற அளவுகோலோடும், ஹெல்ம்ஹோல்ட்ஸ், எல்லிஸ், ஃபாக்ஸ் ஸ்ட்ராங்வேஸ் வழியாகவே வானொலி அதிகாரிகளின் ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. ஃபோல்ட்ஸ் அந்தச் சொற்களுக்கு ஒரு கடைசிக் கூர்மை தந்தார். பாடகரின் முறையீடு வெறும் முறையீடாகப் போய்விடும். அதிர்வெண்ணோடு வரும் முறையீட்டைக் கோப்பில் வைக்கலாம். இந்த ஒரு கண்ணிக்கு நேரான ஆவணச் சான்று மெலிது என்பது உண்மை. இருந்தாலும் தில்லி அலுவலகத்துக்குள் நுழைந்த எல்லா வாதங்களிலும் இதற்கு மட்டுமே எண்களின் பலம் இருந்தது என்பதால், இதை ஒதுக்கிவிட்டுத் தடையை விளக்குவது நிறைவாகாது.

இன்னொரு கேள்வி தேதி பற்றியது. தடையின் மறுபக்கம் இந்தியப் பெட்டியின் பிறப்பு. காலால் மிதிக்கும் ஐரோப்பியக் கருவியைக் கையால் துருத்தி தள்ளும் தரைப்பெட்டியாக மாற்றியவர் கல்கத்தாவின் துவாரகாநாத் கோஷ் என்பதில் பெரும்பாலோர் ஒத்துப்போகிறார்கள். ஆண்டு 1875 என்பார் சிலர், 1884 என்பார் சிலர். ஒன்பதாண்டு வேறுபாடு அற்பம் போலத் தோன்றலாம், ஆனால் 1875 என்றால் எல்லிஸின் மொழிபெயர்ப்பு லண்டனில் வெளிவந்த அதே ஆண்டு. கருவியும் அதன் மீதான குற்றப்பத்திரிகையும் ஒரே வேளையில் கிளம்பின என்று சொல்ல ஆசை எழுகிறது. அந்த ஆசைக்காக 1884ஐத் தள்ளிவிடுவது நேர்மை ஆகாது.

ஃபோல்ட்ஸின் இந்திய ஆண்டுப் படைப்புகளில் பல தொலைந்துபோயின. கிழக்கு-மேற்கு சிம்பொனி என்று அவர் அழைத்ததும் அவற்றில் ஒன்று. 1952இல் தில்லி வானொலியில் ரவிசங்கரும் டி.கே. ஜெயராம ஐயரும் நடத்திய வாத்திய விருந்தம், ஃபோல்ட்ஸ் விட்டுப்போன இசைக்குழுவின் வாரிசு என்று சொல்லும் வழக்கம் உண்டு. இரண்டிலும் குறியீட்டைப் பார்த்து இந்தியக் கருவிகள் சேர்ந்து ஒலித்தன என்பது உண்மை. அது ஒற்றுமை, வாரிசுரிமைக்கு அது போதாது.

1970இல் வானொலி ஆர்மோனியம் குறித்து ஒரு கருத்தரங்கு நடத்தியது. கட்டுரைகள் 1971இல் சங்கீத நாடக அகாதமியின் இதழில் வந்தன, தடையும் தளர்ந்தது. அண்மைக் காலத்தில் தாணேயைச் சேர்ந்த வித்யாதர் ஓக் 22 சுருதிகளைத் தரும் ஆர்மோனியம் ஒன்றை அமைத்திருக்கிறார். சங்லியின் தேவலும் ஆங்கிலேய அதிகாரி கிளமென்ட்ஸும் நூறாண்டுக்கு முன் லண்டனில் செய்வித்த சுருதி ஆர்மோனியத்தின் வழி அது. ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஷீட்மாயரிடம் போய்க் கேட்டதும் அதே மாதிரிப் பெட்டியைத்தான். நாடகக் கொட்டகைகளிலோ பன்னிரண்டு சுரப் பெட்டி இன்றும் பின்பாட்டுக்காரரின் மடியருகே இருக்கிறது. வானொலி அதை விலக்கிய முப்பத்தோரு ஆண்டும் அது அங்கேதான் இருந்தது.